சும்மா இருக்க ஒரு ஊர்

"ஆடக் கூடாதும்மா. இருமல் வந்தாக்கூட அடக்கிக்குங்க. ரொம்பப் பயமா இருந்தா மட்டும் இந்தப் பந்தை அமுக்குங்க" என்று சொல்லி, உள்ளங்கையில் ஒரு ரப்பர் பந்தை வைத்து விரல்களை மூடிவிட்டு, முகத்துக்கு மேல் கூண்டு போல ஒன்றைக் கவிழ்த்து மாட்டிவிட்டு, ஸ்கேன் எடுக்கிற பெண் வெளியே போனாள். படுத்திருந்த பலகை மெல்ல நகர்ந்து தில்லைநாயகியைத் தலையோடு அந்த வெள்ளைக் குழாய்க்குள் கொண்டுபோய் நிறுத்தியது. மூக்குக்கு மேலே ஒரு சாண் இடம்கூட இல்லை. கண்ணைத் திறந்தால் வெள்ளை, மூடினால் கறுப்பு. இரண்டில் எது தேவலை என்று ஒருமுறை திறந்தும் ஒருமுறை மூடியும் பார்த்தாள். மூடியே இருக்கட்டும். சரி, இப்போது புகாராவை யோசிக்கலாம் என்று நினைத்தாள். நினைத்ததுமே உள்ளுக்குள் ஒரு வீம்பு எழுந்து உட்கார்ந்தது. முதலில் உடம்பைப் பார், அப்புறம் ஊரைப் பார் என்று வீட்டில் எல்லோரும் மாறி மாறிச் சொல்லியாகிவிட்டது. இங்கே யார் வந்து சொல்லப் போகிறார்கள்? அவர்களே அல்லவா இதற்குள் அனுப்பி வைத்தார்கள்? கூடவே வர முடியாத ஒரு இடத்துக்கு அவளை அனுப்பிவிட்டு எல்லோரும் வெளியிலேயே இருந்துவிட்டார்கள். டக், டக், டக் என்று எங்கேயோ ஆரம்பித்தது. சத்தம் போடும், பயப்படாதீங்க என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். சத்தத்துக்கா பயப்படுவேன்? கும்பகோணம் பஸ் டிப்போவில் காலம் பூராவும் உட்கார்ந்தவள் நான். எந்த வண்டிக்கு எந்த டிரைவர், எந்தக் கண்டக்டர், யார் இரவு தங்கல், யாருக்கு ஓய்வு என்று டியூட்டி போடுகிற வேலை. ஜன்னலுக்கு வெளியே எப்போதும் ஏதாவது ஒரு எஞ்சின் உறுமிக்கொண்டே இருக்கும். அந்த உறுமலுக்கு நடுவில்தான் போன மாதம் எழுத்தெல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்தது. பேனா கையிலிருந்து நழுவியது. மேசையைப் பிடிக்கப் போனவள் மேசை இல்லாத இடத்தைப் பிடித்தாள். கண் திறந்தபோது மின்விசிறியும், அதற்குக் கீழே வட்டமாகக் காக்கிச் சட்டைகளும் தெரிந்தன. டாக்டர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார், முட்டியில் தட்டிப் பார்த்தார். "பெருசா ஒண்ணும் இருக்காதும்மா, ஆனாலும் ஒரு எம்ஆர்ஐ எடுத்துப் பாத்துருவோம்" என்றார். அந்த ஆனாலும்தான் இவளைக் கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்கு இழுத்து வந்து இந்தக் குழாய்க்குள் படுக்க வைத்திருக்கிறது. பெருசா ஒண்ணும் இருக்காது என்பது நல்ல வாக்கியம். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனாலும். டக், டக், டக். ஆனாலும், ஆனாலும், ஆனாலும். வேண்டாம், இந்த வழியில் போனால் வண்டி பள்ளத்தில்தான் இறங்கும். புகாரா.

தாஷ்கண்டுக்கும் அப்பால் இருக்கிற அந்தப் புகாராவில் நடு ஊரில் ஒரு குளம் இருக்கிறது. நாலு பக்கமும் கல்படி, படிக்கு மேலே பட்டுப்பூச்சி தின்கிற முசுக்கட்டை, வயசான மரங்கள், மரத்தடியில் கட்டில் மாதிரி பெரிய பலகைகள். அதில் ஏறி உட்கார்ந்து டீ குடிக்கலாம். இது எப்படி அவளுக்குத் தெரியும் என்றால், மகள் மதுவந்தி ஓசூரிலிருந்து வந்திருந்தபோது செல்போனில் ஒரு தமிழ்ப் பையனின் ஊர்சுற்றும் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. அவன் மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருந்தான். இது கோட்டை, இது கோபுரம், இது பழைய சந்தை, அடுத்து சாயந்தரத்துக்குள் இன்னும் மூன்று இடம் பார்க்கணும் மக்களே என்று கத்தினான். அவனுக்குப் பின்னால், குளத்தங்கரையில், ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். தில்லைநாயகியின் வயதுதான் இருக்கும். பூப்போட்ட நீளச் சட்டை, தலையில் துணி, பக்கத்தில் ஒரு நீலக் கெட்டில், கையில் பிடி இல்லாத சின்னக் கிண்ணம். பையன் கத்துகிறதைக்கூட அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீரையும் பார்த்த மாதிரி இல்லை. சும்மா இருந்தாள். யாருக்காகவும் காத்திருக்கவில்லை, எதையும் முடித்துவிட்டு வந்து உட்காரவுமில்லை. அது பார்த்தாலே தெரிந்தது. தில்லைநாயகி அந்த இடத்தை மட்டும் மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தாள். குளம் இவளுக்குப் புதிதா? வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி மகாமகக் குளம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதைத் தாண்டித்தான் கடைக்கும் ஆபீசுக்கும் போய் வந்தாள். ஒரே ஒருநாள் அதில் உட்கார்ந்தாள். ஆபீஸ் விட்டு வரும்போது வானம் செம்மண் நிறத்தில் இருந்தது, காற்று நன்றாக இருந்தது, பையை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் கடலைக்காரர் வந்து, கடலை வேண்டுமா என்று கேட்காமல், "என்னம்மா, யாரையாச்சும் தேடுறீங்களா?" என்றார். அடுத்து ஒரு பெண் போலீஸ் வந்து தள்ளி நின்று கொஞ்ச நேரம் பார்த்தது. "வீடு எங்க? வீட்ல ஏதாச்சும் பிரச்சினையா? எதுவா இருந்தாலும் பேசிக்கலாம், மேல ஏறி வாங்க" என்றது, அவ்வளவு அன்பாக. அதற்குள் யாரோ தெரிந்தவர்கள் பார்த்துப் போன் போட்டு, வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார், ஹெல்மெட்டைக் கழற்றக்கூட மறந்துபோய். என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகல. ஒண்ணும் ஆகலேன்னா ஏன் இங்க உக்காந்திருக்கே? பையை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டாள். தண்ணீரைப் பார்த்தபடி ஒரு பெண் தனியாக உட்கார்ந்தால் அவள் அதில் விழப் போகிறாள் என்றுதான் ஒரு ஊரே நினைக்கும் என்றால், அந்த ஊரில் எங்கே போய்ச் சும்மா உட்காருவது?

டக்டக் நின்றது. ஒரு நிமிஷம் வெறும் காற்றுச் சத்தம். பிறகு ஹாரன் சிக்கிக்கொண்ட வண்டி மாதிரி விடாமல் ஒரு அலறல். பல் எல்லாம் அதிர்ந்தது. அவர் வெளியே உட்கார்ந்திருப்பார். சோமாஸ்கந்தன். ஊருக்கெல்லாம் டூர் சோமு சார். மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற மறுமாதமே ஆள் சேர்த்து வண்டி பிடித்து ஊர் ஊராக அழைத்துப் போக ஆரம்பித்துவிட்டார். காசி, ராமேஸ்வரம், நவக்கிரகம், ஒருமுறை இலங்கைக்கே போய் கதிர்காமம். கழுத்தில் விசில், கையில் சின்னக் கொடி. விடியுமுன் விசில் ஊதி எல்லோரையும் எழுப்பி, குளிக்க இத்தனை நேரம், சாமி பார்க்க இத்தனை நேரம், சாப்பிட இத்தனை நேரம் என்று ஓட்டுவார். நல்ல மனிதர். வயசானவர்களின் பையைத் தானே தூக்குவார். யாருக்காவது வயிற்றுப்போக்கு என்றால் தன் சீட்டை விட்டுக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே வருவார். எல்லா டூருக்கும் இவளும் போயிருக்கிறாள். தயிர்சாதம் கட்டி, புளியோதரை கட்டி, பாத்ரூம் போனவர்கள் திரும்பிவிட்டார்களா என்று தலை எண்ணி. இத்தனை ஊருக்குப் போயும் ஒரு ஊரைக்கூட அவள் பார்த்ததில்லை. தலைகளைத்தான் பார்த்திருக்கிறாள். புகாராவைச் சொன்னபோது அவர் முகம் அப்படி மலர்ந்தது. "அட, நம்ம கேள்விப்படாத ஊரா இருக்கே! ஒரு பதினஞ்சு பேர் தேறுவாங்க பாரு" என்று எழுந்து போனைத் தேடினார். நான் மட்டுங்க என்றாள். அவர் சிரித்தார். நெசமாத்தான் சொல்றேன், நான் மட்டும், ஒரு வாரம் என்றாள். சிரிப்பு அப்படியே நின்று, என்ன செய்வதென்று தெரியாமல் முகத்திலேயே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு இறங்கியது. அந்த முகத்தை அவள் மறக்க முயன்றுகொண்டே இருக்கிறாள். "என்கூட வர்றதுல என்ன கஷ்டம் ஒனக்கு?" கஷ்டம் ஒன்றுமில்லை. அதுதான் சொல்லத் தெரியவில்லை. கஷ்டம் இருந்திருந்தால் எல்லோருக்கும் புரிந்திருக்கும். அடிக்கிறார், குடிக்கிறார் என்றால் பாவம், போய்விட்டு வரட்டும் என்றிருப்பார்கள். நல்லவரை விட்டுவிட்டு ஒரு வாரம் போய் உட்காருகிறேன் என்கிறவளை என்னவென்று சொல்வது? நாத்தனார் பானுமதி குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அண்ணி, போகலாந்தான், யாரு வேணாங்கறா, ஆனாலும்..." என்றாள். மதுவந்தி போனில், "தனியாப் போய்ப் பழகணும்னா முதல்ல திருச்சி வரைக்கும் போயிட்டு வாயேம்மா" என்றாள். பெற்ற மகள்! அதற்கு அடுத்த வாரம்தான் டிப்போவில் விழுந்தாள். அவ்வளவுதான், எல்லோருக்கும் ஒரு நிம்மதி. கவலை இல்லாமலில்லை, உண்மையான கவலைதான். ஆனால் அந்தக் கவலைக்கு அடியில் ஒரு நிம்மதி இருந்தது. இந்த உடம்பை வச்சுக்கிட்டு எங்க போறது! பேச்சு முடிந்தது. இவளுடைய மயக்கம் இவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டுப் போய்விட்டது.

முடியவில்லை. பேச்சு இன்னும் முடியவில்லை என்று அந்த அலறலுக்குள் சொல்லிக்கொண்டாள். போவேன். இதோ இப்பவே போகிறேன். திங்கட்கிழமை போய் இறங்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம். டெல்லியிலிருந்து தாஷ்கண்டுக்கு விமானம், அங்கிருந்து ரயில். ரயிலில் ஜன்னல் சீட். இறங்கின அன்று என்ன பார்ப்பது? ஒன்றும் பார்ப்பதில்லை. அறையில் கால் நீட்டித் தூங்குவது, யாரும் விசில் ஊதாத தூக்கம். மறுநாள் விழிப்பு வந்தபோது எழுந்திருப்பது. குளத்தங்கரைக்குப் போவது, உட்காருவது, டீ. அந்த ஊர் ரொட்டி வட்டமாக, நடுவில் பூ அச்சு குத்தி, தட்டு மாதிரி இருக்கும். அதைப் பிய்த்துத் தயிரும் தக்காளியும் தொட்டுச் சாப்பிடலாம், முலாம்பழம் இருக்கும், போதும். மூன்றாம் நாள்? கோபுரத்தைப் பார்க்கலாம். பார்க்காமலும் இருக்கலாம். நாலு நாள் ஒரே குளத்தில் உட்கார்ந்துவிட்டு, பெரிய மசூதியையும் கோட்டையையும் பார்க்காமலே திரும்பி வந்தால் அவர் துடித்துப் போவார். அவ்வளவு தூரம் போய் அதைப் பாக்கலையா? பாக்கலைங்க. அந்த வாக்கியத்தைச் சொல்வதற்காகவே ஒருமுறை போய் வரலாம் போலிருந்தது. அங்கே மயக்கம் வந்தால்? வந்தது, அந்த நினைப்பு, ரொட்டிக்கும் தயிருக்கும் நடுவில் எறும்பு மாதிரி ஊர்ந்து வந்தது. அங்கே படியில் சரிந்து விழுந்தால் யார் தூக்குவார்கள், என்ன பாஷையில் கூப்பிடுவாள்? அந்தப் பூப்போட்ட சட்டைக்காரி கெட்டிலை வைத்துவிட்டு வருவாளா? ஏன் வர மாட்டாள், மனுஷிதானே. என்ன என்று கூப்பிடுவது அவளை? அந்தப் பையன் வீடியோவில் சொன்னான், அங்கே அக்கா என்றால் அண்ணன் என்று அர்த்தமாம். மீசைக்காரர்களையெல்லாம் அக்கா, அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்களாம். தில்லைநாயகிக்கு உடனே டிப்போ ஞாபகம் வந்தது. டியூட்டி மாற்றித் தரச் சொல்லி ஜன்னலில் தலையை நீட்டி அக்கா, அக்கா என்று கெஞ்சுகிற டிரைவர்கள், தொப்பையும் காக்கியுமாக. அங்கே போய் இவர்கள் என்னைக் கூப்பிட்டால் ஊரில் இருக்கிற ஆம்பளை அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பியது. ஆடக் கூடாது. ஆடக் கூடாது என்றதும் இன்னும் வந்தது. உதட்டைக் கடித்தாள், தோள் குலுங்கியது, கூண்டு லேசாகக் கடகடத்தது. அலறல் பட்டென்று நின்றது. "அம்மா! என்னம்மா, அழுவுறீங்களா? ஆடிட்டீங்களே. இதை முதல்லேர்ந்து எடுக்கணும்" என்றது காதருகே அந்தப் பெண்ணின் குரல். "அழல கண்ணு, சிரிச்சிட்டேன்" என்றாள். "சிரிச்சீங்களா?" என்று மட்டும் கேட்டது குரல். பிறகு, "சரி, இனிமே சிரிக்காதீங்கம்மா."

மறுபடி அதே அலறல் முதலிலிருந்து. இந்தத் தடவை சிரிப்பு உதவிக்கு வரவில்லை. சிரித்துத் தீர்ந்த இடத்தில் பயம் வந்து வசதியாக உட்கார்ந்துகொண்டது. இப்போது அவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இவள் மண்டைக்குள் இருப்பதையெல்லாம் துண்டு துண்டாக. அதில் புகாரா தெரியுமா? தெரியாது. தெரியக் கூடிய வேறு ஏதாவது இருக்குமா? நெல்லிக்காய் அளவில், சுண்டைக்காய் அளவில் என்று சொல்வார்கள், ஏனோ எப்போதும் காய்கறியாகத்தான் சொல்வார்கள். அந்தப் பெண் அம்மா என்று கூப்பிட்டதில் ஏதோ ஒரு கனிவு இருந்ததே, முதலில் இல்லாத கனிவு, எதையோ பார்த்துவிட்டதால் வந்ததோ? குளத்தங்கரையில் அந்தப் பெண் போலீஸுக்கு இருந்த அதே கனிவு. மூச்சு சிறுத்தது. வெள்ளைச் சுவர் இறங்கி வருகிற மாதிரி இருந்தது. கையில் பந்து இருந்தது. ஒரு அமுக்கு அமுக்கினால் போதும், பலகை வெளியே வந்துவிடும், அவர் ஓடி வருவார், நான் சொன்னேன்ல, இவளால தனியா ஒரு ரூமுக்குள்ளகூட இருக்க முடியல என்பார்கள் எல்லோரும், வாயால் சொல்லாவிட்டாலும். பந்து வியர்வையில் வழுக்கியது. கழுத்து வெறுமையாக இருந்தது. உள்ளே வருமுன் இரும்பு, தங்கம் எதுவும் கூடாது என்று தாலிக்கொடி, தோடு, மூக்குத்தி, ஊக்கு எல்லாம் கழற்றி அவரிடம் கொடுத்தாயிற்று. "மஞ்சக் கயிறாவது வாங்கிட்டு வரேன், கட்டிக்கிட்டுப் போயேன்" என்று அவர் பதறினார். வேண்டாங்க, கொஞ்ச நேரந்தானே என்று இவள் உள்ளே வந்துவிட்டாள். கல்யாணத்துக்குப் பிறகு இந்தக் கழுத்தில் ஒன்றுமே இல்லாமல் இருப்பது இதுதான் முதல் தடவை. பெயர்கூட வெளியே கவுண்டரில் ஒரு சீட்டில்தான் இருக்கிறது. இங்கே இருப்பது ஒரு உடம்பு, அதற்குள் பயந்துகொண்டு ஒருத்தி. பயப்படட்டும். பயந்துகொண்டே இருக்கட்டும். பயப்படுகிறவள் போகக் கூடாது என்று யார் சொன்னது? நான் தனியாகத்தான் இருக்கிறேன், இதோ, இந்தக் குழாய்க்குள், ஒருத்தரும் இல்லாமல், இந்தச் சத்தத்தோடு. இதைவிட ஒரு குளத்தங்கரை என்ன பெரிய கஷ்டமாக இருந்துவிடப் போகிறது? இதில் படுக்கத் தைரியம் இருக்கிறவளுக்கு அதில் உட்காரத் தைரியம் இருக்காதா? விரல்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தினாள். பந்து உள்ளங்கையில் சும்மா கிடந்தது. அமுக்க மாட்டேன். வெள்ளிக்கிழமை, புகாராவில் வெள்ளிக்கிழமை, அன்றைக்கும் டீதான். அன்றைக்கு வேண்டுமானால் எழுந்து குளத்தை ஒரு சுற்றுச் சுற்றுவேன். அல்லது சுற்ற மாட்டேன். அலறல் எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. பலகை நகர்ந்து வெளிச்சம் வந்து, அந்தப் பெண் கூண்டைக் கழற்றி, "அவ்ளோதாம்மா, நல்லா ஒத்துழைச்சீங்க, அந்தச் சிரிப்பைத் தவிர" என்றபோதுதான் கண்ணைத் திறந்தாள். அந்த முகத்தில் எதையாவது படிக்க முடிகிறதா என்று பார்த்தாள். படிக்க முடியவில்லை. சின்னப் பெண்ணின் முகம், பசி நேரம், அவ்வளவுதான்.

எதிரே இருந்த டீக்கடைக்கு அவர் இவள் கையைப் பிடித்தே ரோட்டைத் தாண்ட வைத்தார். ரிப்போர்ட் நாளைக்குத்தான் என்றார்கள். பெஞ்சில் உட்கார்ந்ததும் டீ சொன்னார், சர்க்கரை கம்மி என்று இவளுக்கும் சேர்த்து அவரே சொன்னார். "இல்லண்ணே, எனக்கு நல்லா போட்டே குடுங்க" என்றாள் தில்லைநாயகி. அவர் அவளைப் பார்த்தார். அவள் பையிலிருந்து போனை எடுத்துக் கண்ணாடியை மாட்டினாள்.

"மதுவுக்கா?" என்றார்.

"இல்ல. தாஷ்கண்டுக்கு."

லாரி ஒன்று போனது. "ரிப்போர்ட் வரட்டும் நாயகி" என்றார் பிறகு. குரலில் கோபமில்லை, கெஞ்சல்தான் இருந்தது.

"வரட்டும். அது பாட்டுக்கு வரட்டும்."

"அதுல ஏதாச்சும் இருந்தா?"

"இருந்தா அதையும் கூட்டிக்கிட்டுப் போறேன். தலைக்குள்ளதானே இருக்கும், அதுக்குத் தனி டிக்கெட்டா கேக்கப் போறாங்க?"

சொல்லிவிட்டாளே தவிர, போனில் விரல் வைத்த இடமெல்லாம் தப்பாகவே விழுந்தது. போனை மடியில் வைத்துவிட்டு டீ கிளாஸை எடுத்துக்கொண்டாள். அவர் அதைப் பார்த்துவிட்டார். பார்க்காத மாதிரி ரோட்டைப் பார்த்தார். "அங்க போய் என்னதான் செய்வே?" என்றார்.

"ஒண்ணும் செய்ய மாட்டேன்."

"ஒரு வாரமுமா?"

"ஒரு வாரமும்."

அவர் டீயை ஊதினார். சூடு ஆறிப்போயிருந்த டீயை ரொம்ப நேரம் ஊதினார். "அப்ப அந்த ஒரு வாரம் நான் என்ன செய்யறது?" என்று கேட்டார்.

தில்லைநாயகி தலை நிமிர்ந்தாள். ஊர் என்ன சொல்லும், உடம்பு சரியில்லை, பாஷை தெரியாது, காலம் கெட்டுக் கிடக்கிறது என்று இத்தனை நாளும் அவர் சொன்னதற்கெல்லாம் அவளிடம் பதில் இருந்தது. இந்த ஒன்றை அவர் இன்றைக்குத்தான் கேட்கிறார். பாவமாக இருந்தது. அந்தப் பாவம் நெஞ்சில் ஏறி, சரிங்க விடுங்க என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. இத்தனை வருஷமும் அங்கேதான் அவள் தோற்றிருக்கிறாள், வேறு எங்கேயும் இல்லை. வாயை மூடிக்கொண்டாள். ஒரு மடக்கு டீ குடித்தாள், தித்திப்பாக இருந்தது.

"அது நீங்கதாங்க யோசிக்கணும்" என்றாள்.

அவர் எழுந்து போகவில்லை. பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, வெயில் அவள் போன் மேல் விழாதபடி உடம்பால் மறைத்துக்கொண்டார். தெரிந்து செய்தாரா என்று சொல்ல முடியாது. தில்லைநாயகி தேதியைப் போட்டாள், ஊரைப் போட்டாள். அடுத்த கட்டத்தில் எத்தனை பயணிகள் என்று கேட்டது. எந்த டூருக்கு டிக்கெட் போட்டாலும் அந்தக் கட்டத்தில் இருக்கிற எண்ணை அழித்துவிட்டுத்தான் அவள் எழுதியிருக்கிறாள். விரலை அங்கே கொண்டுபோனாள். கட்டத்தில் ஏற்கெனவே ஒன்று என்று இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததை அமுக்கினாள்.